டெலவேர் வரைதான் கடைக்காரர் பொறுப்பு

அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலங்களில் டெலவேருக்கு இரண்டாவது இடம். சென்னையிலும் கொழும்பிலும் துபாயிலும் இருந்துகொண்டு அமெரிக்கக் கடைகளில் பொருள் வாங்கும் பலருக்கு அங்கே ஒரு ‘வீட்டு முகவரி’ உண்டு. வீடு கிடையாது, ஒரு கிடங்கின் கதவிலக்கமும் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர் எண்ணும்தான். பேக்கேஜ் ஃபார்வர்டிங் நிறுவனத்தில் பெயரைப் பதிந்தால் சில நிமிடங்களில் அந்த முகவரி கைக்கு வந்துவிடும். இந்தியாவுக்கு அனுப்ப மாட்டோம் என்கிற கடையிலும் அதைக் கொடுத்து வாங்கலாம். பார்சல் கிடங்குக்கு வந்ததும் அவர்கள் எடை போட்டு, படம் எடுத்து, நமக்கு மின்னஞ்சல் அனுப்புவார்கள். கூலியைக் கட்டினால் அங்கிருந்து விமானம் ஏறும்.

டெலவேரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வரி. அங்கே மாநில விற்பனை வரி கிடையாது. ஆரெகன், நியூ ஹாம்ப்ஷயர், மொன்டானா ஆகியவற்றிலும் அப்படித்தான். ஒரு மாநிலத்தில் கடையோ கிடங்கோ இல்லாத இணைய வியாபாரி அந்த மாநிலத்துக்காக வரி வசூலிக்க வேண்டியதில்லை என்ற பழைய நிலையை 2018 ஜூனில் வேஃபேர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு மாற்றியது. அதன் பிறகு வரியில்லா மாநில முகவரிகளுக்கு மவுசு கூடியது. ஜப்பானில் இந்த ஏற்பாடு இன்னும் ஒரு படி மேலே போய், ஏலத்தில் நம் சார்பில் கேட்டு வாங்கித்தரும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. பேனா, கேமரா லென்ஸ், பொம்மை சேகரிப்பவர்களிடம் விசாரித்தால் தெரியும்.

இந்தச் சேவையைப் பற்றிய புகார்கள் கதம்பமாகத்தான் காதில் விழுகின்றன. எடை கூட்டிச் சொன்னார்கள், பெட்டி நசுங்கி வந்தது, கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டது, திருப்பி அனுப்ப முடியவில்லை, கடை ஆர்டரையே ரத்து செய்துவிட்டது என்று ஆளுக்கொன்று. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை ஓரிடத்திலிருந்து கிளம்புபவை. ஒரு கொள்முதல் என்று நாம் நினைப்பது சட்டத்தின் கண்ணில் இரண்டு. கடைக்கும் நமக்கும் இடையிலான விற்பனை கிடங்கின் வாசலில் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து தொடங்குவது வெறும் போக்குவரத்து ஒப்பந்தம். இரண்டுக்கும் நடுவே இருக்கும் வெளியில் என்ன நடந்தாலும் தலையில் விழுவது வாங்கியவருக்குத்தான்.

சட்டங்கள் இதை ஒளித்துவைக்கவில்லை. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவுப்படி, பொருள் நுகர்வோர் கைக்கோ அவர் குறிப்பிட்ட ஆளின் கைக்கோ போய்ச் சேரும்வரை சேதத்துக்கு வியாபாரி பொறுப்பு. நுகர்வோர் தானாக ஏற்பாடு செய்த சுமைகாரரிடம் ஒப்படைத்தாலும் அத்தோடு வியாபாரியின் பொறுப்பு தீர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு வழிகாட்டு ஆணையும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. நம்முடைய 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 39ஆவது பிரிவிலும் இதே கருத்து இருக்கிறது: சுமைகாரரிடம் கொடுப்பது வாங்குபவரிடம் கொடுத்ததற்குச் சமம். ஈபே நிறுவனம் தன் பணம் திரும்பும் உறுதிமொழியில், முதல் முகவரியில் சேர்ந்தபின் வேறிடத்துக்கு அனுப்பப்பட்ட பொருளுக்கு இது செல்லாது என்று எழுதியே வைத்திருக்கிறது. நாம்தான் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை.

இனி கிடங்குக்குள் போவோம். அமெரிக்க முகவரி கேட்கும் படிவங்களில் இரண்டு வரிகள் இருக்கும். தெருவும் கதவிலக்கமும் முதல் வரியில், நமக்கென்று ஒதுக்கிய எண் இரண்டாவது வரியில். சில கடைகளின் மென்பொருள் இரண்டாம் வரியை லேபிளில் அச்சிடுவதே இல்லை. சில, இத்தனை எழுத்துதான் என்று அளவு வைத்து எண்ணின் வாலை வெட்டிவிடும். பெட்டி கிடங்குக்குப் போய்ச் சேர்ந்துவிடும், கையெழுத்தும் விழுந்துவிடும், கடையின் கணக்கில் டெலிவரி முடிந்தது. ஆனால் அது யாருடையது என்று கிடங்கில் யாருக்கும் தெரியாது. உரிமையாளர் தெரியாத பார்சல்களின் அலமாரியில் அது உட்கார்ந்திருக்கும். கடையின் ரசீது, டிராக்கிங் எண், பொருளின் படம் எல்லாம் அனுப்பி இது என்னுடையது என்று நிரூபிக்க வேண்டியது நாம். இலவசமாக வைத்திருக்கும் நாட்கள் அதற்குள் கரைந்துகொண்டிருக்கும். லேபிளில் பெயரோடு சேர்த்து அந்த எண்ணையும் எழுதிவிடுவது அனுபவஸ்தர்கள் கையாளும் உத்தி. பெயர்க் கட்டத்தை மென்பொருள்கள் பெரும்பாலும் வெட்டுவதில்லை.

எடை விவகாரம் வேறு வகை. கூரியர் நிறுவனங்கள் தராசு எடையையும் கன அளவு எடையையும் பார்த்து, எது அதிகமோ அதற்குக் கூலி போடுகின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்தால் கன அளவு எடை கிலோவில் வரும். ஒன்றரைக் கிலோ மேஜை விளக்கு 40க்கு 30க்கு 30 பெட்டியில் வந்தால் 36,000 கன சென்டிமீட்டர், அதாவது 7.2 கிலோ. கடைக்காரர் உள்ளே காற்றடைத்த பிளாஸ்டிக் பைகளைப் போட்டு நிரப்பியிருப்பார். அந்தக் காற்றுக்கும் நாம் கூலி தருகிறோம். சிறிய பெட்டிக்கு மாற்றித்தரச் சொன்னால் மாற்றித்தருவார்கள், பெரும்பாலும் அதற்கு ஒரு கட்டணம் உண்டு. கண்ணாடி விளக்கைக் காற்றுப் பை இல்லாமல் அடைத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மாற்றிக் கட்டும்போது உடைந்ததா, கடையிலிருந்தே உடைந்து வந்ததா என்ற கேள்விக்கு விடை, கிடங்கில் எடுத்த ஒரே ஒரு மங்கலான படத்தில்தான் இருக்கும். அந்தப் படம் பெட்டியின் வெளிப்புறத்தை மட்டும் காட்டும். உள்ளே திறந்து படமெடுக்கத் தனிக் கட்டணம் கேட்டால் கொடுத்துவிடுவது நல்லது. விலையுயர்ந்த பொருளுக்கு அந்த ஒரு படம்தான் சாட்சி.

வானில் தொலைந்தால்? விமானச் சரக்குக்கு மான்ட்ரியல் உடன்படிக்கை வைத்திருக்கும் உச்சவரம்பு, 2024 டிசம்பர் இறுதியிலிருந்து கிலோவுக்கு 26 எஸ்டிஆர். அது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. டாலரில் சுமார் 35. அரைக் கிலோ லென்ஸ் 800 டாலர் என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். தனிக் காப்பீடு எடுத்தால்தான் மீதி கிடைக்கும். காப்பீடும் நாம் எழுதிக்கொடுத்த மதிப்பு வரைதான். சுங்க வரிக்குப் பயந்து 800 டாலர் பொருளை 80 டாலர் என்று எழுதச் சொன்னவர், தொலைந்தபின் 80 டாலருக்குத்தான் உரிமை கோர முடியும்.

மதிப்பைக் குறைத்து எழுதுவதும் பெயரை மாற்றி எழுதுவதும் இந்தத் தொழிலின் பழைய நோய். இதில் எல்லோரும் அறிய வேண்டிய வழக்கு ஃபுளோரிடாவின் சரசோட்டாவில் இயங்கிய ஆக்ஸஸ் யூஎஸ்ஏ ஷிப்பிங்கின் வழக்கு. ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகளை 150 முறை மீறியதாக அமெரிக்க வணிகத் துறை அந்த நிறுவனத்தின்மீது குற்றம் சாட்டியது. 2017 பிப்ரவரியில் 2.7 கோடி டாலர் அபராதத்தில் விவகாரம் முடிந்தது. அதில் 1.7 கோடி நிறுத்திவைக்கப்பட்டது. நமக்காக அவர்களே கடையில் வாங்கித்தரும் திட்டம் ஒன்று அங்கே இருந்தது. உள்நாட்டில் பயன்படுத்தப்போகும் வாடிக்கையாளர் என்று கடைகளிடம் தங்களைக் காட்டிக்கொண்டு வாங்கி, பொருளின் விவரத்தையும் மதிப்பையும் மாற்றி வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள். துப்பாக்கியில் பொருத்தும் தொலைநோக்கிகளும் அதில் அடக்கம். அமெரிக்கக் கடைகள் ஃபார்வர்டர் முகவரியைக் கண்டதும் முகம் சுளிப்பதற்கு இப்படிப்பட்ட பின்னணி உண்டு.

சுளிப்பதற்கு இன்னொரு காரணம் திருட்டு கார்டு. திருடிய கார்டில் வாங்கிய பொருளை இடைத்தரகர் முகவரிகள் வழியாக நாட்டுக்கு வெளியே கடத்துவது பழைய மோசடி. ஆகவே கடைகளின் மென்பொருள், கார்டின் முகவரியும் அனுப்பும் முகவரியும் பொருந்துகிறதா என்று பார்க்கும். ஆயிரக்கணக்கானோர் ஒரே கதவிலக்கத்தைக் கொடுக்கும் இடம் என்றால் சந்தேகப் பட்டியலில் ஏறிவிடும். இந்திய வங்கியின் கார்டு, டெலவேர் முகவரி, முதல் ஆர்டரே 500 டாலர் என்றால் ரத்தாகாமல் போனால்தான் ஆச்சரியம். அந்தப் பணம் கார்டுக்குத் திரும்ப வருவதற்குள் டாலர் விலை ஏறியோ இறங்கியோ இருக்கும். அந்நிய நாணயக் கட்டணம் திரும்புமா என்பது வங்கியைப் பொறுத்தது.

நம்மைப் பற்றி அவர்களிடம் சேரும் தகவலைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் பிறர் பெயருக்கு வரும் தபாலை வாங்கிவைக்கும் முகவர், அஞ்சல் துறையின் 1583 எண் படிவத்தை வாடிக்கையாளரிடம் எழுதி வாங்க வேண்டும். கூடவே அடையாள ஆவணங்களின் நகல்கள். ஃபெடெக்ஸ் 2014இல் பாங்கோ இன்டர்நேஷனல் என்ற நிறுவனத்தை வாங்கியது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு அமெரிக்கப் பொருட்களை அனுப்பிவந்த நிறுவனம் அது. 2018 பிப்ரவரியில் அதன் பழைய கோப்புகள் கடவுச்சொல் எதுவும் இல்லாத ஓர் இணையச் சேமிப்பகத்தில் திறந்து கிடந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் என்று ஸ்கேன் செய்த 1,19,000 ஆவணங்கள், பல நாட்டு மக்களுடையவை. அவற்றோடு நிரப்பிய அந்த முகவர் படிவங்களும் கிடந்தன. எப்போதோ ஒரு ஜோடி ஷூ வாங்கியவரின் பாஸ்போர்ட், அவர் ஷூவை மறந்து பல ஆண்டுகள் ஆனபின்னும் யாரோ ஒருவரின் சர்வரில் இருந்தது.

சீனக் கிடங்குகளின் கதை தனி. 2024 ஏப்ரலில் பாண்டாபை என்ற கொள்முதல் முகமையின் கிடங்குகளில் போலிச் சரக்குக் குற்றச்சாட்டில் சீனக் காவல் துறை சோதனை போட்டது. லட்சக்கணக்கான பார்சல்கள் அங்கே முடங்கின. நகல் ஷூ வாங்கியவர்களுக்காக வருத்தப்பட எனக்கு மனமில்லை. அவர்களோடு ஒரே கூரையின் கீழ் நேர்மையான பொருளை வைத்திருந்தவர்களை நினைத்தால்தான் சங்கடமாக இருக்கிறது. கிடங்கு மூடினால் யாருடைய பெட்டி எப்போது வெளியே வரும் என்பது வாடிக்கையாளர் கையில் இல்லை.

பேட்டரி, வாசனைத் திரவியம், நகப்பூச்சு இவை மூன்றும் கிடங்கில் தேங்குபவற்றில் முன்னணியில் இருப்பவை. 2010 செப்டம்பர் 3 அன்று துபாயில் விழுந்து இரு விமானிகளைக் கொன்ற யூபிஎஸ் சரக்கு விமான விபத்துக்குப் பிறகு, லித்தியம் பேட்டரிகள்மீது கெடுபிடி இறுகியது. 2016 ஏப்ரல் முதல், தனியாகக் கட்டிய லித்தியம் அயான் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றக் கூடாது. பவர் பேங்க் இந்த வகையில்தான் வரும். உள்நாட்டுக்குள் லாரியில் அனுப்பும் கடைக்கு இந்தச் சிக்கலே கிடையாது, சந்தோஷமாக விற்றுவிடும். கிடங்கில்தான் ‘அனுப்ப இயலாது’ என்ற முத்திரை விழும். பிறகு இருப்பவை இரண்டே வழிகள்: கடைக்கே திருப்பு, அல்லது அழிக்கச் சொல். இரண்டுக்கும் செலவு நம்முடையது.

இந்தியா வந்து இறங்கியதும், கடையும் ஃபார்வர்டரும் படத்திலிருந்து விலகிவிடுவார்கள். சுங்கத் துறைக்கு இறக்குமதியாளர் நாம்தான். அதற்குத்தான் கூரியர்காரர் ஆதாரோ பாஸ்போர்ட்டோ கேட்டு கேஒய்சி லிங்க் அனுப்புகிறார். பொருளின் விலைக்கு மட்டும் வரி என்று நினைப்பது பரவலான தவறு. அனுப்பும் கூலியும் காப்பீடும் மதிப்பில் சேரும். விமானக் கூலியை, பொருளின் விலையில் 20 விழுக்காட்டுக்கு மேல் கணக்கில் எடுக்கக் கூடாது என்று 2007ஆம் ஆண்டு மதிப்பீட்டு விதிகளில் ஒரு வரம்பு இருக்கிறது. கூலி விலையைத் தொடும் இந்த மாதிரி பார்சல்களில் அது பெரிய தொகை. கூரியர் அனுப்பும் கணக்குச் சீட்டில் அதைச் சரிபார்த்துக் கேட்பவர்கள் குறைவு. அடிப்படை வரி, அதன்மேல் சமூக நலக் கூடுதல் வரி, இவை எல்லாம் சேர்ந்த தொகைமேல் ஐஜிஎஸ்டி, கடைசியில் கூரியரின் கையாளும் கட்டணம்.

‘கிஃப்ட்’ என்று எழுதினால் தப்பிக்கலாம் என்ற யோசனை இன்னும் உலவுகிறது. 5000 ரூபாய் வரையிலான அன்பளிப்புக்கு இருந்த விலக்கைச் சீன இணையக் கடைகள் சல்லடையாக்கின. 2019 டிசம்பரில் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம், அன்பளிப்பு என்ற பெயரில் தபாலிலும் கூரியரிலும் வரும் இறக்குமதியைத் தடை செய்தது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கி கயிற்றுக்கும் மட்டும் விலக்கு. முழு வரி கட்டினால் அன்பளிப்பும் வரலாம்.

வரி கட்டினாலும் உள்ளே வராதவை சில உண்டு. முழுதாக வரும் ட்ரோனுக்கு 2022 பிப்ரவரி முதல் தடை. இ-சிகரெட்டுக்கு 2019 முதல். இதற்கு நேர்மாறாக, 2023 ஆகஸ்டில் மடிக்கணினி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு அறிவித்தபோது, இணையத்தில் வாங்கித் தபாலிலோ கூரியரிலோ வரும் ஒரே ஒரு மடிக்கணினிக்கு வரியோடு விலக்குக் கொடுத்தார்கள். செய்தித் தலைப்பை மட்டும் படித்தவர்கள் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். ஜப்பானிய ஏலத்தில் பழைய பொருள் எடுப்பவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும். பயன்படுத்திய பொருட்களின் இறக்குமதி, கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது.

எல்லாம் தாண்டி வீட்டுக்கு வந்த பொருள் வேலை செய்யவில்லை என்றால், அங்கேதான் அந்த நடுவெளியின் முழு அகலம் தெரியும். திருப்பிக் கொடுக்கும் கெடு, பெட்டி கிடங்கில் இறங்கிய அன்றே ஓடத் தொடங்கியிருக்கும். ஐரோப்பிய விதியில் 14 நாள் அவகாசமும் நாம் குறிப்பிட்ட மூன்றாம் ஆளின் கைக்குப் பொருள் போன நாளிலிருந்துதான். நம் கைக்கு வரும்போது பெரும்பாலும் அது முடிந்திருக்கும். திருப்பி அனுப்பினாலும் கூலி நம்முடையது. கட்டிய சுங்க வரியில், மறு ஏற்றுமதி செய்த பொருளுக்கு 98 விழுக்காடு வரை திரும்பப் பெறச் சுங்கச் சட்டத்தின் 74ஆவது பிரிவு இடம் தருகிறது. ஒரு காபி இயந்திரத்துக்காக அந்தக் காகித வேலையைச் செய்யத் துணிபவர் யார்? காபி இயந்திரம் என்றதும் இன்னொன்று. அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், ஜப்பானில் 100, நம் வீட்டில் 230. மோட்டாரோ ஹீட்டரோ உள்ள சாமானை அங்கிருந்து வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். டிரான்ஸ்ஃபார்மர் வாங்கலாம்தான், சமையலறையில் அதற்கு இடம் தேட வேண்டும்.

புத்தகம் வேறு. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பதிப்பகங்கள் வெளியிட்டு, இன்று பழைய புத்தகக் கடைகளில் மட்டும் கிடைக்கும் தமிழியல் நூல்களுக்கு இந்த வழி ஒரு கொடை. உடையாது, பேட்டரி இல்லை, கன அளவு எடை தராசு எடையை மிஞ்சாது, உத்தரவாதச் சிக்கல் கிடையாது. நான்கைந்து கடைகளில் வாங்கி ஒரே பெட்டியில் சேர்த்து அனுப்பச் சொன்னால் கூலி கட்டுப்படியாகும். 2019 பட்ஜெட்டில் இறக்குமதிப் புத்தகத்துக்கும் 5 விழுக்காடு வரி போட்டது மட்டும்தான் உறுத்தல். எளிதில் உடையாத, மின்சாரம் வேண்டாத, இந்தியாவில் எந்த விலைக்கும் கிடைக்காத பொருளுக்கு ஃபார்வர்டர் சரி. இங்கே ஒரு விலை, அங்கே அதைவிட 20 விழுக்காடு குறைவு என்பதற்காக மட்டும் இறங்கினால் கணக்கு பெரும்பாலும் தேறாது.

அரசுகள் இந்த நடுவெளியைப் பார்க்கவில்லையா என்றால், பார்த்தன, வரி விஷயத்தில். 2018 ஜூலை 1 முதல் ஆயிரம் ஆஸ்திரேலிய டாலர் வரையிலான இறக்குமதிக்கும் ஜிஎஸ்டி உண்டு என்றது ஆஸ்திரேலியா. உடனே அமேசான் தன் அமெரிக்கத் தளத்திலிருந்து அந்த நாட்டுக்கு அனுப்புவதை நிறுத்தியது. சில மாதங்களில் திரும்பவும் தொடங்கியது. அந்தச் சட்டம் ஃபார்வர்டரையும் பெயர் சொல்லிப் பிடித்தது. பொருள் ஆஸ்திரேலியாவுக்குப் போகிறது என்று கடைக்குத் தெரியாத இடத்தில், வரியை வசூலித்துக் கட்ட வேண்டியவர் அவர். நியூசிலாந்து 2019 டிசம்பரிலும், சிங்கப்பூர் 2023 ஜனவரியிலும் அதே வழிக்கு வந்தன. வரி என்று வரும்போது ஃபார்வர்டரை விற்பனையாளர் இடத்தில் உட்காரவைக்க முடிகிறது. பொருள் உடைந்தது, மாறியது, தொலைந்தது என்றால் அவர் மறுபடி வெறும் சுமைகாரர். இந்த ஓரவஞ்சனையைக் கேள்வி கேட்டிருக்க வேண்டியவை நுகர்வோர் அமைப்புகள். இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், நாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்ற நல்ல மாற்றம் வந்தது. ஆனால் மதுரை ஆணையம் தீர்ப்பெழுதினாலும் டெலவேர்க் கிடங்கில் அதை நிறைவேற்ற ஆளில்லை.

இதே ஆட்டம் எதிர்த்திசையிலும் நடக்கிறது. நியூ ஜெர்சியிலும் டெக்சஸிலும் உள்ள தமிழர்களுக்காகச் சென்னையில் முகவரி கொடுத்து, பட்டுப்புடவையும் முறுக்கும் புத்தகமும் சேர்த்துக் கட்டி அனுப்பும் நிறுவனங்கள் உண்டு. 800 டாலர் வரை அமெரிக்காவில் சுங்க வரி இல்லாதிருந்தது அவர்களுக்குப் பெரிய வசதி. 2025 ஆகஸ்ட் 29 அன்று அந்த விலக்கு எல்லா நாடுகளுக்கும் முடிவுக்கு வந்தது. தபாலில் வரும் பார்சலுக்கு வரியை யார் வசூலித்துக் கட்டுவது என்பதில் தெளிவில்லாததால், இந்திய அஞ்சல் துறை அதற்குச் சில நாள் முன்பே அமெரிக்காவுக்கான பார்சல்களை நிறுத்திவைத்தது. அக்டோபர் 15 அன்று சேவை திரும்பியபோது வரியை இங்கேயே முன்கூட்டி வாங்கும் ஏற்பாடு வந்திருந்தது. தீபாவளிக்கு ஐந்து நாள்தான் மிச்சம். அந்த வருடப் பட்சணம் தபாலில் போய்ச் சேர்ந்திருக்காது. சென்னையிலிருந்து வாங்குபவர்கள் இப்போது பணம் கட்டும் முன் இன்னும் ஒன்றைக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது: புடவை வழியில் தொலைந்தால், முன்கூட்டிக் கட்டிய அமெரிக்க வரியை யார் திருப்பித் தருவார்கள்?